கண்டெடுத்த பொருள், எண் 4417

ஓல்டன் பணிமனைக்குக் கடைசி வண்டி
இரவு ஒன்று இருபதுக்கு வரும்.
குடை, ஒற்றைக் கையுறை, பாதி கடித்த ரொட்டி,
இவையெல்லாம் என் கைக்குப் பழக்கம்.
அன்று மூன்றாம் பெட்டியில், ஜன்னலோரம்
ஒரு கண்ணாடிக் குமிழி.
உள்ளே மண் இல்லை, நீர் இல்லை,
சிக்கெடுக்காத தலைமயிர்போல
ஒரு காற்றுச்செடி.

படிவம் நிரப்பினேன். நிறம்: சாம்பல் பூத்த பச்சை.
எடைக்குக் கட்டம் இருந்தது, விட்டுவிட்டேன்.
முத்திரை குத்த ஓங்கிய கையை
ரெகுலா பாதியில் நிறுத்தினாள்.
"உயிருள்ளதை நாங்கள் வைப்பதில்லை.
ஒன்று குப்பை, இல்லையென்றால் நீ."
எண்ணை மட்டும் துண்டுச்சீட்டில் எழுதித் தந்தாள்.

வீட்டில் ஏற்கெனவே மூன்று பேர்:
மிக்ரோவில் அரைவிலைக்கு வாங்கிய
சதைச்செடிகள்.
நான்காவதை நான்தான் கொன்றேன்.
பசிக்குமே, பசிக்குமே என்று
வந்தவர் தட்டை மூடவிடாத நம் வழக்கப்படி
தினமும் ஊற்றினேன்.
வெந்த கத்தரிக்காய்போல் அடித்தண்டு குழைந்தது.

பிறகு கை கட்டக் கற்றேன்.
விரலை இரண்டாம் கணுவரை மண்ணில் விடு.
ஈரமா, போ.
காய்ந்திருக்கிறதா, அப்போதும் மூன்று நாள் பொறு.
நெடுநேரம் குளித்த விரல்நுனிபோல
இலை சுருங்கும்போது ஊற்று, நன்றாக ஊற்று,
தட்டில் தேங்கியதைக் கொட்டு.
ஜனவரியில் வெளிச்சத்தைத் தேடிக்
கொக்குக்கழுத்தாய் நீண்டவளை வெட்டி
வெட்டுவாய் காயும்வரை தாளில் கிடத்தினேன்.
உதிர்ந்த ஓர் இலை, யாரும் கேட்காமலே,
முனையில் அரிசியளவு பிள்ளை வைத்திருந்தது.

குமிழிக்காரிக்கு வேறு சட்டம்.
இங்கே குழாய்நீரில் சுண்ணாம்பு,
என் கேத்தலின் அடி வெள்ளையடித்த சுவர்.
அதனால் பால்கனியில்
பிடி உடைந்த சோற்றுப்பானை மழை பிடிக்கிறது.
வாரம் ஒருமுறை, இருபது நிமிடம் முழுக்கு.
பின் தலைகீழாய்ப் பிடித்து உதறவேண்டும்.
இடுக்கில் நீர் நின்றால் உள்ளே அழுகும்,
வெளியே தெரியாது,
ஒருநாள் தொட்டால் இலையிலையாய்க் கையோடு வரும்.

பிறந்தநாளுக்கு வந்த சுகிர்தராஜா
குமிழியைத் தூக்கிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்:
"எங்கட ஆக்களைப் போல. வேரில்லாமலே வாழுது."
அறையே உச்சுக்கொட்டியது. ஒருத்தி படமெடுத்தாள்.
எனக்கு ஏனோ கோபம் வந்தது.
"வேர் இருக்கு அண்ணை," என்று கவிழ்த்துக் காட்டினேன்.
கம்பி இழைபோல் இரண்டு.
குடிக்கிறது இலையால்தான்.
இது பிடிச்சுக்கொள்ள மட்டும்.
அவர் இன்னொரு மீன் ரோல்ஸ் எடுத்துக்கொண்டார்.

நவம்பர் முதல் இந்த ஊர்
ஆரே ஆற்றின் மூடுபனிக்குள் கிடக்கும்.
வெயில் பார்க்க மலைக்கு டிக்கெட் எடுப்பார்கள்.
நானோ வேலை முடிந்து வந்ததும்
ஹீட்டரை அணைத்து, ஜன்னல் திறந்து
பத்து நிமிடம் பனியை உள்ளே விடுவேன்.
காற்றுச்செடி சுருள் தளரும்.
சதைச்செடிகளை அதற்குமுன்
அடுக்களையின் காய்ந்த மூலைக்கு நகர்த்தவேண்டும்.
ஒரே ஜன்னலுக்கு இரண்டு நியாயம்.

மார்ச்சில் அதன் நடு இலைகள் சிவந்தன.
நோய் என்று நினைத்து இரண்டு இரவு தூங்கவில்லை.
மூன்றாம் நாள் ஊதாக் குழல் ஒன்று,
நுனியில் மஞ்சள் தூள்.
ஒரு செடிக்கு வாழ்நாளில் ஒரே பூப்புத்தானாம்.
பூ வதங்கியபோது இடுப்பில்
இரண்டு குட்டிகள் ஒட்டியிருந்தன.

இன்று ரெகுலாவின் ஜன்னலுக்குப் போனேன்.
4417 ஐ யாராவது கேட்டார்களா?
திரையைப் பார்த்தாள். இல்லை. கோப்பை மூடலாமா?
வேண்டாம், வந்தால் இப்போது மூன்று என்று சொல்லுங்கள்.
எண்ணிக்கையைத் திருத்த இதில் வழியில்லை என்றாள்.
வழி தேடிக் கொஞ்சநேரம் தட்டிக்கொண்டிருந்தாள்.

நான் நிற்க முடியவில்லை.
மூன்றையும் முழுக்கில் போட்டுவிட்டு வந்திருந்தேன்.
பதினாறு நிமிடம் ஆகியிருந்தது.