தேய்மானம்

பதினாலாம் இலக்கம், ஹிலெல் ஷூஸ்டர்,
ஆறடி ஏழங்குலம், பிறந்த ஊர் வின்னிபெக்.
சம்பளப் பதிவேட்டில் அவனை ஏற்றியது நான்தான்.
ஹைஃபாவில் இரண்டாம் பிரிவு, மூன்று பருவம்.
பிறகு ருமேனியா, சம்பளம் பாதியில் நின்றது.
பிறகு சைப்ரஸ், இடது முழங்கால்.
பிறகு கொழும்புத் துறைமுகத்தை ஒட்டி
சரக்குக் கப்பல்களுக்குக் கணக்கெழுதும் எங்கள் கொம்பனி,
வான் ரோயன் துரையின் அலுமாரிக்கு
ஒரு கிண்ணம் வேண்டியிருந்ததால்.

வந்த வழி படியிறங்கியது போல இருக்கிறதே என்றேன்.
"கடல்மட்டத்துக்கு வந்துவிட்டேன்,
இனி இறங்க இடமில்லை" என்றான்.

வெள்ளவத்தைச் சந்தையில் அவனுக்கு மீன் வாங்குவதும்
எப்படியோ என் வேலையாயிற்று.
இறால் ஆகாது, கணவாய் ஆகாது,
நண்டு இருக்கும் தட்டைக் கடந்து போவான்.
தமிழில் அவன் பழகிய முதல் சொல் செதிள்.
வணக்கம் அதற்குப் பிறகுதான்.
அந்த உயரத்திலிருந்து மடிந்து குனிந்து
"செதிள்?" என்று பாரையிடமே கேட்பான்.
மீன்கார செபமாலை பாரைக்காகப் பதில் சொல்வான்.

தொண்ணூற்றெட்டு.
ஆர்மர் வீதிச் சாவடியில் சிப்பாய்கள் அவனைக் கண்டு
வெறுங்கையால் பந்தெறிந்து காட்டுவார்கள்.
என் அடையாள அட்டையை இருபுறமும் திருப்புவார்கள்.
ஸ்கோர் புத்தகத்தை விரித்து
இந்த இலக்கங்கள் எதற்கு, இந்த வட்டங்கள் யார் என்பார்கள்.
தவறிய எறிகள், ஐயா.
அவன் பேசமாட்டான். கடந்தும் போகமாட்டான்.
பையைத் தோள் மாற்றிக்கொண்டு அங்கேயே நிற்பான்.

இறுதியாட்டத்தன்று நாலு மணிக்கு ஃபக்ஸ் வந்தது.
தாள் சுருண்டு, இளஞ்சூடாக.
அப்பா. நேற்று அடக்கம்.
கீழே ஒரு சகோதரியின் பெயர்.
துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"மேட்ச் முடியட்டும், பிள்ளை."

ஆகவே அது ஸ்கோர் புத்தகத்துக்குள் இருந்தது,
நான் எழுதிய பக்கத்துக்கு நேர் அடியில்.
இரண்டு. இரண்டு. வட்டம். மூன்று. இரண்டு.
அழுத்தி எழுதும் பழக்கம் எனக்கு.
அன்று பேனை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அமிழ்ந்தது.
இடைவேளையில் என் மேசைக்கு வந்து
தண்ணீர் குடித்துவிட்டுப் போனான்.
கொடுத்திருக்கலாம்.
முப்பத்தொரு புள்ளி. ஐந்தால் வென்றோம்.

வாசித்தான். எத்தனை மணிக்கு வந்தது என்றான்.
பொய் வாய்வரை வந்தது.
"நாலு" என்றேன்.
சுவர்க் கடிகாரத்தை நெடுநேரம் பார்த்தான்.
"எங்கள் சட்டத்தில்
கேட்ட நேரத்திலிருந்துதான் துக்கம் தொடங்கும்.
அதனால் அந்தப் புள்ளிகள் செல்லும்."
என்னை மன்னித்தானா, கணக்கைத்தான் நேராக்கினானா,
இன்றைக்கும் தெரியாது.
பிறகு கழுத்துப் பட்டியை இரு கையாலும் பிடித்து
ஜேர்சியை நெஞ்சுவரை கிழித்தான்.
புறக்கோட்டைப் புடவைக்கடையில் கேட்கும் சத்தம்.
கிண்ணத்தைத் தூக்கியவர்கள் அதைப் பாதியில் இறக்கினார்கள்.

கவிழ்த்த சோடாப் பெட்டியில் உட்கார்ந்திருந்தான்,
கண்ணாடிக்குக் கொம்பனித் துவாயைப் போர்த்தி.
எத்தனை நாள் என்றேன். ஏழு.
"எங்களுக்கு எட்டு."
"அப்படியென்றால் நீங்கள் ஒன்றால் வெற்றி" என்றான்.
சிரிக்கலாமா என்று யோசிப்பதற்குள் சிரித்துவிட்டேன்.

மாதக் கடைசியில் துரை சொன்னார்:
ஜேர்சி ஒன்று, அறுநூற்றைம்பது ரூபாய்,
அவன் சம்பளத்தில் பிடி.
நான் தேய்மானத்தில் எழுதினேன்.
கணக்காய்வாளர் அந்த வரியில் நிற்கவில்லை.

அடுத்த வருடம் பினாங் என்றார்கள், மாலே என்றார்கள்.
இரண்டுமே கடல்மட்டம்தான்.
நான் பென்சன் எடுத்தும் எத்தனையோ வருடம்.
செபமாலைக்கு நான் இன்னும் செதிள் அக்கா.
கேட்பதற்கு முன்னமே கத்தியை எதிர்ப்புறமாக ஓட்டி
ஒன்றை நிமிர்த்திக் காட்டுகிறான்.
எனக்கு நண்டுதான் வேண்டும்.
பாரையை வாங்கிக்கொண்டு வருகிறேன்.