நாற்பத்திரண்டாம் அடி

ஊரம்பில், ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேரளா.
இந்தப் பக்கம் ஞானசிகாமணி கிணறு வெட்டுகிறார்.
பதினெட்டு அடி வரை செம்பாறை.
பிறகு சோப்பு மாதிரி வழுக்கும் வெள்ளைக் களி.
நாற்பத்திரண்டில்
சாம்பல் மணலும் சிப்பிப் பொடியும்.
தண்ணி இல்லை.
"ஓய், கடலுலா வருது!"
அடியிலிருந்து அவர் கத்த,
வீட்டுக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

குழந்தையை அண்ணியிடம் விட்டுவிட்டு
புட்டுமாவு அரிப்பை எடுத்துக்கொண்டு போனேன்.
இனி அதில் மாவு சலிக்க முடியாது.
தெரிந்துதான் எடுத்தேன்.

என் வேலை களியக்காவிளையில்.
பல் டாக்டர் ஷைலஜா பிடுங்குவதை
கிண்ணத்தில் வாங்கிக்கொள்வது.
கடைவாய்ப் பல், கோரைப் பல், ஞானப் பல்
எல்லாம் மஞ்சள் வாளியில் விழும்,
செவ்வாய்க்கிழமை வண்டி வந்து அள்ளிப்போகும்.
திருப்பிக் கேட்டவர் ஒருவர்தான்,
பாறசாலைக்காரர்,
அவருடையதில் தங்கம் இருந்தது.

கிணற்று மண்ணில் முதலில் வந்தது
சுண்டுவிரல் நகம் அளவு.
கருநீலம். முனை ஒடியவில்லை.
வேர் கவட்டையாகப் பிரிந்திருந்தது.
ஓரத்தில் நகத்தை ஓட்டினேன்,
சின்ன ரம்பம் ஒன்று பேசியது.
இரண்டாவது வளைசல். மூன்றாவது பாதி.
அப்புறம் வெறும் சிப்பி, வெறும் சிப்பி,
ஒரு பீடித்துண்டு (அது ஞானசிகாமணியுடையது).
சனி ஞாயிறு இரண்டு நாளும் சலித்து
ஒன்பது.

பத்தாவது, இருட்டுகிற நேரத்தில்,
அரிப்பின் கம்பியை வளைத்துக்கொண்டு உட்கார்ந்தது.
உள்ளங்கையை மூடிவிட்டு
மணிக்கட்டில் இடித்தது.

செக்போஸ்ட்டில் பஸ்ஸை நிறுத்தி
"பையில என்ன?"
"பல்லு."
"யாருக்க பல்லு?"
தெரியவில்லை என்றேன்.
பதில் பிடிக்காமல் விட்டுவிட்டார்.

டாக்டர் அம்மா அதை அளந்து
மருந்துச்சீட்டின் பின்னால் கணக்குப் போட்டார்.
எழுந்து போய்
கிளினிக்கின் இரட்டைக் கதவை முழுக்கத் திறந்து
"வாய் இவ்வளவு" என்றார்.
வெளியே கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவர்
தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று
எழுந்து உள்ளே வந்தார்.

சுறா சாகும்வரை பல் உதிர்க்குமாம்.
கடிக்கக் கடிக்க விழும்,
பின்வரிசை முன்னால் நகர்ந்து வரும்.
அப்படியென்றால் என் பத்துப் பல்லும்
செத்ததற்குச் சாட்சி இல்லை,
தின்றதற்குச் சாட்சி.
அந்த மீன் நிம்மதியாக நீந்திப் போயிருக்கும்,
ஊரம்புக்கு மேலே,
வயிறு நிறைந்து.

ததேயு கொச்சியிலிருந்து போன போட்டில் இருக்கிறான்.
சுறாத் தூண்டில்.
இந்த முறை கொளுத்தியில் மாட்டிய இரை
அப்படியே திரும்பி வருகிறதாம்.
சாட்டிலைட் போனில் மூன்று நிமிஷம்,
அதில் ஒன்றரை நிமிஷம் காற்று.
"பல்லு கெடச்சுது" என்றேன்.
"மொளச்சாச்சா!" என்று கத்தினான்.
பின்னால் போட்டுக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள்.
"மேலயா, கீழயா?"

பிள்ளைக்கு எட்டு மாதம்.
பெற்ற பிறகு நாற்பது நாளும்
பால்சுறாவை அவித்து உதிர்த்து
பூண்டு போட்டுப் புட்டாகத் தின்றேன்.
அவன் பிடித்தது,
நான் தின்றது,
இவள் குடித்தது.

"கீழ" என்றேன்.
பொய் இல்லையே.
லைன் அறுந்தது.

ஐம்பத்தொன்றில் தண்ணி வந்துவிட்டது.
ஞானசிகாமணி நக்கிப் பார்த்து, உப்பில்லை என்றார்,
இரும்பு மணம் கொஞ்சம்.
நாற்பத்திரண்டாம் அடியை
சிமென்ட் உறை இறக்கி மூடினார்கள்.
மிச்ச மண் டிப்பரில் ஏறி
எல்லை தாண்டிப் போயிற்று,
யாரோ வீட்டு அஸ்திவாரத்துக்கு.

பதினொரு நாளில் வருவான்.
பையை வைக்கும் முன்னே
பிள்ளையின் வாயைத்தான் திறப்பான்.

ராத்திரி, கை கழுவி,
கீழ் ஈறில் விரலை ஓட்டுகிறேன்.
களி. வழுக்கும் களி.
பிறகு, இடப்பக்கம், ஏதோ இடறுகிறது.
மணலாகவும் இருக்கலாம்.
எத்தனை கழுவியும்
நகக்கண்ணில் அது இருக்கிறது.