பதினோரு வரி

வெள்ளம் வந்த வருஷம் அட்டை போய்விட்டது.
மிச்சப் பக்கங்கள் உப்பிக் காய்ந்து
திருப்பும்போது அப்பளம் மாதிரி நொறுங்குகின்றன.
செம்மண்டலம் வீட்டுப் பரணில்
மிக்ஸி டப்பாவுக்குப் பின்னால் கிடந்தது
என் முள்ளம்பன்றிக் கதை.

நேற்று டியூட்டிக்கு எடுத்துப்போனேன்.
கெடிலத்தில் தண்ணீர் இறங்குகிறது,
ராத்திரி முழுக்க அளவு சொல்லணும் என்று போன்.
ஷெட்டில் ஒரு பல்பு, இரண்டு நாற்காலி,
டீ பிளாஸ்க், லஸ்கர் தனகோட்டியின் இருமல்.

ஏழு முள்ளம்பன்றிகள்
ஆற்றங்கரையை விட்டு முந்திரிமேட்டுக்கு நடக்கிற கதை.
சிலுப்பி முன்னால் போவாள்.
முள்ளெல்லாம் உதிர்ந்த மொட்டைமுதுகன்
கடைசியில், திட்டிக்கொண்டே.
விளக்குமாற்றுக் குச்சிகளை ரிப்பனால் முதுகில் கட்டி
கட்டிலுக்கடியில் ஊர்ந்திருக்கிறேன் ஒரு கோடை முழுக்க.
தங்கை மரகதவல்லிக்குக் குட்டி வேஷம்.
அவளுக்கு இன்னும் தவழவே வராது,
சும்மா படுத்துக்கிடந்தால் போதும்.

இப்போது படிப்பது வேறு யாரோ.
வளை பத்தடி ஆழம் என்று மூன்றாம் அத்தியாயத்தில் வருகிறது.
அடிவயிறு கலங்கிவிட்டது.
கரையின் அகலமே பன்னிரண்டடி.
சரிவும் சரியில்லை, ஒரு மழைக்கு நிற்காது.
சிலுப்பியும் பிள்ளைகளும் நிலா பார்க்கிற பக்கத்தில்
பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்,
வெட்கமாக இருந்தது.

ஏழாம் அத்தியாயத்தில் அவன் வருகிறான்.
பெயர் கிடையாது, லாந்தர்க்காரன்.
மொத்தம் பதினோரு வரி.
வருகிறான், வளையைப் பார்க்கிறான்,
மண்மூட்டையைத் திணித்து மிதிக்கிறான், போய்விடுகிறான்.
உள்ளே மொட்டைமுதுகன்.

படத்தில் அவனுக்கு நீல மையில் கொம்பு வைத்திருக்கிறேன்.
கண்ணில் காம்பஸால் குத்தியிருக்கிறேன்.
அந்த ஓட்டை அடுத்த நாலு தாளையும் துளைத்து
குட்டி தூங்குகிற இடத்தில் போய் நிற்கிறது.
ஓரத்தில் ‘நாசமாப் போவான்’,
கீழே தேதி, கையெழுத்து.

நாசமாகப் போகவில்லை.
அரசு வேலை கிடைத்தது, இன்க்ரிமெண்ட் வந்தது,
ஐப்பசி பிறந்தால் கரை நெடுக நடந்து
ஓட்டைகளை எண்ணி ரிஜிஸ்டரில் எழுதுகிறேன்.

ரப்பரால் கொம்பை அழித்துப் பார்த்தேன்.
தாள்தான் கிழிந்தது.

பிறகு ஆறாவது வரி.
‘மூட்டையை இறக்கிவிட்டு, குனிந்து,
அவன் வளையில் காது வைத்தான்.’
இதை அன்றைக்கும் படித்திருப்பேன்,
அழுகையில் கண் தாண்டிப் போயிருக்கும்.
படிக்கிறவர்களுக்கு அது இரக்கமாகத் தெரியும்.
எழுதியவரும் அப்படித்தான் நினைத்தாரோ என்னவோ.
எனக்குத் தெரியும், அது இரக்கமில்லை.
கரைக்குள் தண்ணீர் ஓடுகிறதா என்று
நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கேட்போம்.

மூன்றேகாலுக்கு வெளியிலிருந்து தனகோட்டி குரல்:
‘மேடம், இங்க ஒண்ணு இருக்கு.’

கோரைக்கு நடுவே, தலை நுழைகிற அளவு வாய்.
விளிம்பில் புது மண்.
முள் எதுவும் கிடக்கவில்லை.
பெருச்சாளியாக இருக்கலாம், நண்டாக இருக்கலாம்,
ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்.
மழைக்கோட்டின் தொப்பியைத் தள்ளிவிட்டு
மண்ணில் முட்டி போட்டேன்.

உள்ளே என்னவோ இழுத்து, விட்டு, இழுத்தது.
தண்ணீர் கசிவதும்
பயந்த ஒன்று மூச்சுவிடுவதும்
மண்ணுக்குள் ஒரே சத்தம்தான்.
புத்தகத்தில் அதை எழுதவில்லை.

மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு
தனகோட்டி நிற்கிறார்.
ஆறு ஏறுகிறது.
கரைக்கு அந்தப் பக்கம் ஒரு தெருவே தூங்குகிறது,
யாருடைய வீட்டிலோ குழந்தை அழுது ஓய்கிறது.

நான் இன்னும்
ஆறாவது வரியில் இருக்கிறேன்.