கழுத்துமட்டும்

கன்சாஸில் பிப்ரவரி. நூலகத்தின் நிலவறையில்
ஹீட்டர் இருமிக்கொண்டிருக்கிறது.
நாற்பத்தொன்பது வயதில் எனக்கு முதுகலை, இரண்டாம் பருவம்,
வலமிருந்து இடமாக.

எதிரில் திர்சா அபுத்புல்.
அஷ்தோதில் பிறந்தவள்,
கணவனின் விமானத் தொழிற்சாலை வேலையோடு இங்கே வந்தவள்.
எனக்குக் கால்மணி நேரம் பிடிக்கும் வரியைப்
பால் பாக்கெட்டின் விலைபோலப் படித்துவிடுவாள்.
பிறகு அவளே நிறுத்துவாள்:
"இரு. இது எனக்குத் தெரிந்த சொல் இல்லை."

அன்றைக்கு நெஃபெஷ்.
நூன், பே, ஷீன். மூன்றே எழுத்து.
மெய்யை மட்டும் எழுதிவைத்து
உயிரைப் படிப்பவன் வாயில் விட்டுப்போன காலம் அது.
புள்ளியும் கோடும் பல நூற்றாண்டு கழித்து வந்தன;
மறந்துவிடுவார்கள் என்று
யாரோ பயந்திருக்க வேண்டும்.

"ஆத்துமா" என்றேன், யோசிக்காமல்.
எங்கள் மெனோனைட் சபையில்
அது ஒரு வெள்ளைத் துணி.
சாகும்போது உடம்பிலிருந்து உருவி
மடித்து எடுத்துப்போவார்கள் என்று
சிறுவயதில் நம்பியிருந்தேன்.

"எங்கள் ஊரில் அது
மனநல மருத்துவமனைப் பலகையில் இருக்கும்" என்றாள்.
அவளுக்கும் மறக்கவேண்டியிருந்தது,
தாய்ப்பாலோடு குடித்ததை.

அகராதியின் மூன்றாம் தொகுதியை
இருவருமாகத் தூக்கிவைத்துப் புரட்டினோம்.
முதல் பொருள் தொண்டை.
பசிப்பது. வறள்வது. இரைப்பது.
ஆத்துமா எங்கோ பின்னால் வருகிறது
பந்திக்குப் பிந்தியவன்போல.

எடுத்துக்காட்டுக்கு ஒரு புலம்பல்காரன்:
வெள்ளத்தில் நின்றுகொண்டு
தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது என்று அளந்து சொல்கிறான்,
இந்தச் சொல்லால்.

பென்சிலை வைத்துவிட்டேன்.

பத்தொன்பது வருடம் ஆம்புலன்ஸில் ஓடியவன் நான்.
நியூட்டனுக்கு வடக்கே ஒரு தானியக் கிடங்கில்
ஆர்லன் கோரிங், இருபத்திரண்டு வயது,
கோதுமை கழுத்துமட்டும்.
மூச்சை விட விட
நெஞ்சு விட்ட இடத்தைக் கோதுமை பிடித்துக்கொள்ளும்,
திருப்பித் தராது.
தலைக்கு மேல் போனால்தான் சாண் என்ன முழம் என்ன.
கழுத்தில் நிற்கும்போது
ஒவ்வொரு மணிக்கும் கணக்கு உண்டு.

வெளியே தகரத்தை அறுத்துக்கொண்டிருந்தார்கள்.
பலகையில் குப்புறப் படுத்து
அவன் தாடையை இரண்டு கையாலும் ஏந்தியிருந்தேன்.
"என் ஆத்துமாவுக்காக ஜெபம் பண்ணுங்க" என்றான்.
எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை.
ஈரத்துணியை உதட்டில் பிழிந்தேன்.
விழுங்கினான்.
என் விரலுக்கடியில் தொண்டைமுடிச்சு
ஏறி இறங்கியது. மறுபடி பிழிந்தேன்.
மூன்றேகால் மணி நேரம்.

பிழைத்தான். சலைனாவில் டயர் விற்கிறான்.
கிறிஸ்துமஸுக்குக் கார்டு வரும், பிள்ளைகளின் படத்தோடு.
நான் பதில் போடுவதில்லை.
கேட்டதைச் செய்யாதவன்
என்னவென்று எழுதுவான்?

திர்சாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை.
"ஒருமுறை கோதுமையில் பார்த்திருக்கிறேன்" என்றேன்.
அவள் ஒன்றும் கேட்கவில்லை. கழுத்துச் சால்வையைத் தளர்த்தி
குழியில் ஒரு விரலை வைத்துக்கொண்டு
வரியை முதலிலிருந்து வாசித்தாள்.
ஹீட்டர்கூட நின்றிருந்தது.

கட்டுரையில் தொண்டை என்றே போட்டேன்.
பேராசிரியர் ஓரத்தில் பச்சை மையில் எழுதியிருந்தார்:
'ஆத்துமாவை அடியோடு கைவிடலாமா? யோசிக்கவும்.'

யோசிக்கிறேன்.
மேசையில் போன டிசம்பர் கார்டு
இன்னும் உறைக்குள் இருக்கிறது.
ஒரு வெள்ளைத்தாளில் 'ஆர்லன்' என்று எழுதி
காற்புள்ளி வைத்திருக்கிறேன்.