கேள்வி எண் நான்கு

கீழ்க்காணும் பத்தியைப் படித்து
வினாக்களுக்கு விடையளி.
பத்தி, ஹாத்னே சலிந்தரின் தன்வரலாற்றிலிருந்து:
ஹெலிகாப்டர் ஏறிய நாள், விடுதிப் பள்ளி, முதல் இரவு.
கேள்விகள் ஏழு. மதிப்பெண் பத்து.

நூற்று நாற்பது தாள்கள் என் மேசையில்.
தேநீர் ஆறிவிட்டது.
யமாலில் மே மாதம் என்று பெயர்தான்,
மின்கம்பத்தின் காலை இன்னும் விடவில்லை பனி.

ஒன்று. ஹெலிகாப்டர் எந்த மாதம் வந்தது?
செப்டம்பர். எல்லாரும் சரி.

இரண்டு. குழந்தைகளின் ரோமக் காலணிகள் என்ன ஆயின?
சாக்கில் கட்டினார்கள் என்றால் ஒன்று,
கட்டிச் சீட்டும் ஒட்டினார்கள் என்றால் இரண்டு.
ஒட்டியது உண்மை.
என் சாக்கில் என் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள்.
அடுத்த கோடையில் தேடிக் கொடுத்தபோது
கால் நுழையவில்லை.

மூன்று. படிக்கட்டைக் கண்டு ஏன் திகைத்தனர்?
'அவர்கள் நடக்கப் பழகாதவர்கள்'
என்று எழுதியிருக்கிறான் ஒருவன்.
சிரித்துவிட்டு அரை போட்டேன்.
உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினோம், தம்பி,
இருபத்திரண்டு படிகளையும்
பின்பக்கத்தாலேயே எண்ணிக்கொண்டு.

நான்கு. ஹெலிகாப்டரில் அழுதது யார்?
விடைக்குறிப்பு: பக்கத்து இருக்கைச் சிறுமி, வேரா.

வேரா நான்தான்.

நான் அழவில்லை.
கீழே எங்கள் கூடாரத்துப் புகை
ஊசி நூலாகும் வரை பார்த்தேன்.
எங்கள் நாய் ஹெலிகாப்டரின் நிழலைத் துரத்தி
ஏரிக்கரையில் நின்றுபோனதைப் பார்த்தேன்.
அழுதவள் ஹாத்னே.
சத்தம் வெளியே வராதிருக்க
என் கையுறையைக் கடித்துக்கொண்டு அழுதாள்.
அன்றிரவு ரேடியேட்டர் மேல் அதைக் காயப்போட்டேன்,
சுருங்கிப்போய், ஒரு பொம்மைக்குத்தான் சேரும்.

புத்தகம் வந்தபோது ஒரு பிரதி அனுப்பினாள்.
'வேராவுக்கு' என்று மட்டும் கையெழுத்து.
மூன்று நாள் அவள் எண்ணை அழுத்தி
மணி அடிக்கும் முன் துண்டித்தேன்.
என்னவென்று கேட்பது?
என் கண்ணீரைத் திருப்பிக் கொடு என்றா,
உன்னுடையதை எடுத்துக்கொள் என்றா?

எங்கள் கூடாரம் வட்டம்; அதில் மூலை கிடையாது.
விடுதி அறையில்தான் மூலை என்ற ஒன்றைக் கண்டோம்.
ஆளுக்கொன்று பிடித்துக்கொண்டார்கள்,
முகத்தை வைக்க.
பதினோரு பேர், நான்கு மூலை.
அவளுக்குக் கிடைக்கவில்லை.
எனக்கும்தான்.

சரி, விடு.
சிவப்புப் பேனாவால் நூற்று முப்பத்தேழு முறை
என் பெயருக்கு நானே சரிக்குறி போட்டேன்.
ஒரு தாளில் விமானி அழுதிருந்தார்.
ஒன்றில் நாய்.

கடைசித் தாள் மிரோன் ஒகோதெத்தோ.
இந்த வருடம்தான் வந்தான். வகுப்பில் வாய் திறப்பதில்லை.
எழுத்து வரிகளுக்கு அடங்காமல் சரிந்து ஓடுகிறது.

'அழுதது இதை எழுதினவர்.
வேராவின் கையுறை ரோமம் என் வாயில் உப்புக் கரித்தது
என்று ஒன்பதாம் வரியில் சொல்கிறார்.
அழுதது வேரா என்றால்
கையுறை இவர் வாய்க்கு எதற்குப் போனது?'

ஒன்பதாம் வரி.
எத்தனை முறை படித்திருப்பேன் அந்தப் பக்கத்தை.
பொய் சொன்னதைத்தான் பார்த்தேனே தவிர
அவள் அங்கே உப்பை விட்டுவைத்ததைப் பார்க்கவில்லை.
மறந்து விட்டாளோ, எனக்கென்று விட்டாளோ.

விடைக்குறிப்பை மீற அதிகாரமில்லை.
மேற்பார்வையாளர் குஸ்மினா
ஒவ்வொரு பத்தாவது தாளையும் மறுபடி திருத்துவார்,
இது நூற்று நாற்பதாவது.
நான்காம் கேள்விக்குப் பூஜ்யம்.
போட்டுவிட்டுப் பேனாவை மூடினேன்.

பிறகு திறந்தேன்.

ஏழு. பத்திக்குப் பொருத்தமான தலைப்பு ஒன்று தருக.
விடைக்குறிப்பு: ஏற்கத்தக்க எதுவும்.
மிரோன் அந்த இடத்தை வெறுமையாய் விட்டிருந்தான்.
ஓரத்தில் மட்டும் எதையோ எழுதி
ரப்பரால் தேய்த்த அழுக்கு.

அழுக்குக்கு ஒரு மதிப்பெண் போட்டேன்.
குஸ்மினா கேட்டால்
ஏற்கத்தக்கது என்பேன்.