முப்பத்தோராம் பக்கம்

லெந்து தொடங்கப் பதினொரு நாள்.
திருமங்கலம் சேகர அலுவலகத்தில்
நான்கு புத்தகங்கள் என் முன்னால்.
"வெள்ளிக்கிழமை வேதபாடத்துக்கு
நீங்களே ஒன்றைப் பாருங்க" என்று
ஐயர் பைக்கை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

பகலில் நான் கூட்டுறவு வங்கியில் நகை மதிப்பீட்டாளன்.
தங்கம் என்றால்
கல்லில் உரசியதும் கோடு சொல்லிவிடும்.
புத்தகத்தை எதில் உரசுவது?

முதல் புத்தகத்துக்குப் பளபள அட்டை.
பாடம் முடியும்போதெல்லாம்
யாருக்கோ கார் கிடைக்கிறது.
கப்பலூர் ஆலையில் ராத்திரி ஷிஃப்ட் முடித்து
தூக்கத்தோடு வரும் தவசிங்கிடம்
"உன் விசுவாசம் பத்தவில்லை" என்று
இதை வைத்து நான் எப்படிச் சொல்வேன்?

இரண்டாவதில் பத்துக் கொம்பு மிருகம்,
அம்புக்குறிகள், வருஷங்கள்.
மாட்டுத்தாவணி பஸ் அட்டவணை போல
கர்த்தரின் வருகைக்கு நேரம் போட்டிருக்கிறார்கள்.

மூன்றாவது எங்கள் உபதேசம்தான்,
எழுத்துக்கு எழுத்து.
ஆனால் எங்கிருந்தோ பெயர்த்தது.
வாக்கியங்கள் செருப்பை மாற்றிப் போட்டு நடக்கின்றன.
"கணப்படுப்பின் அருகே அமர்ந்து கலந்துரையாடுங்கள்"
என்கிறது, மார்ச் மாதத்தில், எங்களிடம்.

நான்காவது இலவசம். இருநூறு பிரதி.
பெரிய எழுத்து, கிணற்றுத் தண்ணீர் மாதிரி தமிழ்.
பொருளாளர் ஜெயசீலன் அதை
ஏற்கனவே மனசுக்குள் அடுக்கி வைத்துவிட்டார்.
நானும்தான்,
முப்பதாம் பக்கம் வரைக்கும்.

முப்பத்தொன்றில் இருந்தது:
கைக்குழந்தைக்குக் கொடுப்பது ஞானஸ்நானம் அல்ல,
வெறும் தண்ணீர்.

ராஜாஜி ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள்
பியூலாவின் பிள்ளை.
நர்ஸ் "சீக்கிரம், சீக்கிரம்" என்றாள்.
எவர்சில்வர் டம்ளரில் ஐயர் விரல் நனைத்தார்.
மூன்று சொட்டு. ஈசாக்கு என்று பெயர்.
ஆறாம் நாள் இல்லை.
ஞானஸ்நானப் பதிவேட்டில் நானூற்றுப் பதினேழு,
அடக்கப் பதிவேட்டில் எழுபத்திரண்டு.
இரண்டும் என் கையெழுத்து, ஒரே பேனா.

முறை வைத்து வாசிப்பது எங்கள் வழக்கம்.
ஆளுக்கு ஒரு பக்கம்.
எல்லா வெள்ளியும் முன்வரிசை பியூலா.
எந்தப் பக்கம் யாருக்கு விழும் என்று
யார் கண்டது?

"அந்த ஒரு பக்கத்தைக் கிழிச்சிருவோமே"
என்றார் ஜெயசீலன்.
கிழித்தால் முப்பத்திரண்டும் கூடவே வரும்.
திருப்பிக் காட்டினேன்:
சீஷர்கள் அதட்ட அதட்ட
இயேசு பிள்ளைகளை வாரி அணைக்கிற இடம்.
அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு பார்சல் செலவு எவ்வளவு என்றார்.

முந்நூற்று நாற்பது ரூபாய்.

எழுதியவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
ஆற்றில் முழுக நின்று அவர்களும் அழுதிருப்பார்கள்.
அவர்கள் வீட்டில் அந்தப் புத்தகம் இருக்கட்டும்.
எங்கள் வீட்டில் நானூற்றுப் பதினேழு இருக்கிறது.
அதை அடிக்க எந்த மைக்கும் உரிமையில்லை.

மூன்றாவதையே வாங்கினோம், காசு கொடுத்து.
நான்கு இரவு உட்கார்ந்து பென்சிலால்
செருப்புகளைக் கால் மாற்றிப் போட்டேன்.
எல்லாவற்றையும் முடியவில்லை.

முதல் வெள்ளி. கரண்ட் இல்லை.
வேதாகமத்தால் விசிறிக்கொள்ளக் கூடாதென்று
பாடப் புத்தகத்தால் விசிறினார்கள்.
ஐந்தாம் பக்கம் பியூலாவுக்கு விழுந்தது.
பாதியில் நிமிர்ந்தாள்.
"கணப்படுப்புன்னா என்னண்ணே?"

"குளிருக்குத் தீ மூட்டுவாங்களாம், வீட்டுக்குள்ள"
என்றான் தவசிங், கொட்டாவியோடு.
"வீட்டுக்குள்ளயா?"
கூடம் முழுக்கச் சிரிப்பு.
அவளும் சிரித்தாள்,
சேலைத் தலைப்பால் நெற்றியை ஒற்றிக்கொண்டு
விட்ட வரியைத் தேடிப் பிடித்து
மேலே வாசித்தாள்.