ஏரி மேல் நடப்பது

லேக் வியூ என்றார் தரகர்.
அந்த இரண்டு சொல்லுக்கு மாதம் மூவாயிரம் கூடுதல்.
முன்பணம் கொடுத்து, பால் காய்ச்சி,
மூன்றாம் நாள்தான் கண்டுபிடித்தேன்:
குளியலறையில் வாளியைக் கவிழ்த்து
அதன்மேல் ஏறி
சன்னலின் கடைசிக் கண்ணாடியை நகர்த்தினால்
இரண்டு சிண்டெக்ஸ் தொட்டிகளுக்கு நடுவே
உள்ளங்கை அகலத்துக்குத் தெரிகிறது.
பச்சையாக.
நீரா பாசியா என்று
வாளியில் நின்று சொல்ல முடியாது.

தெருவில் பதினொரு வீடு.
குக்கர் விசில் எந்த வீட்டுடையது என்று
எல்லாருக்கும் தெரியும்.
ஆட்டோக்காரர்கள் வர மறுக்கிறார்கள்,
திரும்பும்போது சவாரி கிடைக்காதாம்.
பெங்களூரில் இப்படியும் ஒரு தெரு
மிச்சமிருப்பது
பெங்களூருக்கே தெரியாது போல.

எனக்கு வேலை பல் கட்டும் லேபில்.
யாரோ ஒருவருடைய கீழ்த்தாடை
பிளாஸ்டரில் நாள் முழுக்க
என் முன்னால் வாய் திறந்திருக்கும்,
பேசாது.
ஆறரைக்குப் பஸ் இறங்கி வேகமாக நடந்தால்
ஏழுக்குப் பூட்டும் கேட்டுக்கு முன்
இருபது நிமிஷம் எனக்குக் கிடைக்கும்.

முதல் நாள் வாட்ச்மேன் ஹனுமந்தராயப்பா
குச்சியை நீட்டிச் சொன்னார்,
"ஏரி மேலெ நடீரி."
ஏரி மேலேயா?
தண்ணீரைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன்.
நாமக்கோழி ஒன்று
(வடகலையா தென்கலையா, அவ்வளவு பளிச்சென்று நெற்றி)
எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு
தண்ணீர்மேல் நாலடி ஓடிக் காட்டியது.

அப்புறம்தான் புரிந்தது.
அவர் பாஷையில் ஏரி என்றால் கரை,
மண் கொட்டி உயர்த்திய மேடு.
ஏறி நிற்பதால் ஏரியோ என்னவோ.
தண்ணீருக்கு அவர் சொல் கெரே.
அது என் காதில்
கரை, கரை என்றே விழுகிறது.
என்றோ ஒரே வீட்டில் இருந்த சொற்கள்
பாகம் பிரித்துக் கிளம்பிய அவசரத்தில்
பெட்டி மாறிப் போயிருக்க வேண்டும்.

இதை உடைந்த கன்னடத்தில் அவரிடம் விளக்கினேன்.
கேட்டுக்கொண்டார்.
"நீரு நீரே அல்வா" என்றார்.
என் வேலை என்னவென்று தெரிந்தபோதுதான்
முகம் மலர்ந்தது.
மேல்வரிசையில் ஆடும் ஒரு பல்லை
நாக்கால் தள்ளிக் காட்டினார்.

சதுர்த்தி முடிந்த வாரம்
கோரைப்புல்லில் சிக்கிக் கிடந்தது
ஒரு தந்தம்.
தும்பிக்கை இல்லை, தொந்தி இல்லை,
அது மட்டும்.
கரைக்கக் கொண்டுவந்தது
கரைக்கே வந்துவிட்டது.
எடுத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்.
மட்டமான பிளாஸ்டர், உள்ளே காற்றுக்குமிழ்கள்.
எங்கள் லேபில் இதைத்
திருப்பி அனுப்பிவிடுவோம்.
ஆனாலும் கைக்குட்டையில் சுற்றி
வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
எதற்கென்று கேட்க வீட்டில் யாரும் இல்லை.

நேற்று சில்க் போர்டில் பஸ் நின்றது நின்றதுதான்.
நான் வரும்போது ஏழே கால்.
பூட்டு தொங்குகிறது.
உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில்
ஹனுமந்தராயப்பா, மடியில் டிபன் டப்பா.
ரூல்ஸ் மேடம், என்று கை விரித்தார்.
கம்பியைப் பிடித்தபடி நின்றேன்.
என்ன நினைத்தாரோ,
டப்பாவைக் கீழே வைத்து எழுந்து
டார்ச்சைத் தண்ணீர் பக்கம் திருப்பினார்.
"நோடி."

வெளிச்சம் என் காலடியில் தொடங்கவில்லை,
அவர் காலடியிலிருந்து புறப்பட்டது.
ஆகாயத்தாமரையைத் தாண்டி,
தூங்கும் ஒரு முக்குளிப்பானைத் தொட்டு விலகி,
அசையாத நீரில் கொஞ்சமும் நனையாமல்
ஏரி மேல் நடந்து
அந்தப் பக்கத்து ஏரியில் ஏறியது.
அங்கே ஒரு நாய்
கண்ணைச் சுருக்கி எங்களைப் பார்த்தது.

டார்ச் அணைந்தது.
"பல்லு?" என்றார்.
சனிக்கிழமை, என்றேன்.

வீட்டுக்கு வந்து
வாளியைக் கவிழ்த்து ஏறினேன்.
தொட்டி இருட்டு, நடுவில் இன்னொரு இருட்டு.
ஒன்றும் தெரியவில்லை.
தவளைச் சத்தம் மட்டும்.
மூவாயிரத்தில்
அதுவும் சேர்த்திதான்.